நோயை மறைப்பவரும் மறைக்க வைப்பவரும்

 

மலைமேல் வாழும் நமக்கு இருமலும் சளியும் புதிய விருந்தாளிகள் அல்ல. கியா பார்மில் பனியும் மழையும் மாறி மாறி வருகின்றன. தும்மியவர் எல்லோரும் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டால் தேயிலைக் கொழுந்து பறிபடாது, கோஸ் லோரி ஏறாது, கடையும் திறக்காது. ஆகவே, "சாதாரணச் சளிதானே, வேலை செய்தால் போய்விடும்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புவது நம்மிடையே நெடுநாளையப் பழக்கம். அப்படிக் கிளம்புகிறவரைச் சுறுசுறுப்பானவர் என்று புகழ்வதும் பழக்கம்.

இந்தப் பழக்கம் சரிதானா என்று 2020-ஆம் ஆண்டு நம் எல்லோரையும் கேட்டது. அந்த வருஷம் மார்ச் 18-ஆம் தேதி, கோவிட்-19 நோயின் காரணமாக நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. சுற்றுலாப் பயணிகளின் வண்டிகளால் நெருக்கடிப்படும் நமது சந்தைச் சாலை வெறிச்சோடிப் போயிற்று. கீழே கொண்டுபோய் விற்க வழியின்றி, கேமரன் மலையின் காய்கறிகள் டன் கணக்கில் கொட்டப்பட்டன. அந்தக் காலம் கடந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி, அந்நோய்க்காக அறிவித்திருந்த உலக அவசரநிலையை உலகச் சுகாதார நிறுவனம் முடித்துக்கொண்டது. ஆனால் நோய் போய்விடவில்லை. ஃப்ளூ காய்ச்சலைப் போல அதுவும் மனிதரிடையே தங்கிவிட்டது. அச்சம் தணிந்திருக்கும் இந்த வேளையில்தான் இதைப் பற்றி நிதானமாக யோசிக்க முடியும். வீடு எரியும்போது கிணறு வெட்டப் புறப்படுவது விவேகமன்று.

நாம் எடுத்துக்கொண்ட கேள்வி யாதெனில்: ஒருவர், தமக்குத் தொற்றக்கூடிய காய்ச்சல் கண்டிருப்பதை அறிந்தும் அதை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார். அவரிடமிருந்து பக்கத்தில் வேலை செய்பவருக்கு நோய் தொற்றுகிறது. பக்கத்தில் இருந்தவரின் வீட்டிலுள்ள முதியவர் அந்நோயால் மௌத்தாகிவிடுகிறார். இந்தப் பாவம் யாருடையது?

இதற்கு மூன்று விதமான பதில்களைக் கடையிலும் பள்ளிவாசல் வாசலிலும் நாம் கேட்டிருக்கிறோம். "நோயைத் தருபவன் அல்லாஹ், வர வேண்டியது வந்தே தீரும், இதில் பாவம் எங்கிருந்து வந்தது?" என்பார் சிலர். "மறைத்தவரே பாவி" என்பார் வேறு சிலர். "ஏழை என்ன செய்வான்? வராவிட்டால் சம்பளம் இல்லை. பாவம் முதலாளியுடையதே" என்பார் இன்னும் சிலர். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விதியும் முயற்சியும்

முதல் பதில் பக்தியுள்ள பதிலைப்போல் தோன்றும். ஆனால் நம் முன்னோர்களில் மிகச் சிறந்தவர்களே இதை ஏற்கவில்லை.

கலீபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் பிரயாணம் புறப்பட்டு, ஸர்கு என்னும் இடத்தை அடைந்தார்கள். ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்ற செய்தியோடு அந்நாட்டுப் படைத்தலைவர்கள் அங்கே எதிர்கொண்டார்கள். கலீபா அவர்கள் முஹாஜிர்களைக் கலந்தார்கள். அவர்களிடையே கருத்து வேற்றுமை எழுந்தது. அன்ஸாரிகளைக் கலந்தார்கள், அங்கும் அவ்வாறே. பிறகு குறைஷிப் பெரியவர்களைக் கலந்தபோது, திரும்பிவிடுவதே சரி என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கலீபா திரும்பத் தீர்மானித்தார்கள். அப்போது ஹஜ்ரத் அபூ உபைதா (ரலி) அவர்கள், இது அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதாகாதா என்று வினவினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீபா பதில் கூறினார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசும்புல்லும் மறுபக்கம் வறண்ட தரையுமாக இருந்தால், எந்தப் பக்கம் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது விதிப்படியே நடக்கிறது. அதற்காக யாரும் வறண்ட பக்கத்தில் மேய்ப்பதில்லை என்று உவமையும் சொன்னார்கள். பிறகு ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் கேட்ட ஹதீஸை அறிவித்தார்கள். ஓர் ஊரில் கொள்ளைநோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே போகக் கூடாது; தாம் இருக்கும் ஊரிலேயே அது வந்துவிட்டால் அதற்கு அஞ்சி வெளியேறக் கூடாது என்பதே அதன் கருத்து.

இந்தச் சரித்திரத்தை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இதன் பிற்பகுதியை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. கலீபா ஷாமுக்குள் போகவில்லை. அபூ உபைதா அவர்களோ தம் மக்களைவிட்டு வெளியேறவில்லை. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டை ஒட்டிய அந்த அம்வாஸ் கொள்ளைநோயிலேயே மரணமடைந்தார்கள். உள்ளே போகாதவரும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார். வெளியே வராதவரும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார். கட்டளை ஒரு பக்கத்தாருக்கு மட்டும் வரவில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

நோய் தொற்றுவதில்லை என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு. நோய் அல்லாஹ்வின் நாட்டமின்றித் தானாகவே பரவும் சக்தி உடையதன்று என்பதே அதன் பொருள் என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். ஏனெனில், நோயுள்ள ஒட்டகங்களை உடையவர் அவற்றை நலமுள்ள ஒட்டகங்களிடம் கொண்டுவர வேண்டாம் என்று விலக்கியவர்களும் அதே நாயகம் (ஸல்) அவர்களேயாவர். பதினான்காம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் கிரனடாவில் வாழ்ந்த இப்னுல் கதீப் என்னும் முஸ்லிம் அறிஞர், தம் காலத்துக் கொள்ளைநோயைக் கண்ணால் கண்டு, அந்நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது அனுபவத்தால் நிரூபணமாகிவிட்டது என்று எழுதினார். கிருமியைக் காட்டும் பூதக்கண்ணாடி பிறப்பதற்கு முன்னரே எழுதினார்.

ஆகவே, விதியின்மேல் பழி போட்டு நழுவுவதற்கு மார்க்கம் இடம் தரவில்லை. முதல் பதில் தள்ளுபடியாகிறது.

நோய் எங்கே பரவுகிறது

நிற்க. மற்ற இரண்டு பதில்களையும் பார்ப்பதற்கு முன், நடந்த காரியங்களைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 27 முதல் மார்ச் 1 வரை, கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் தப்லீக் ஜமாஅத்தினரின் இஜ்திமா நடந்தது. ஏறக்குறைய 16,000 பேர் கலந்துகொண்டனர். அப்போது அதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை. வந்தவர்கள் அமல் செய்ய வந்தவர்கள். அவர்கள்மேல் குற்றம் இல்லை. ஆனால் நோய் அங்கே பரவிற்று. அந்தத் தொற்றுத் திரள் ஜூலை 8-ஆம் தேதி முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டபோது, அதனைச் சேர்ந்த நோயாளிகள் 3,375 பேர். பரிசோதனைக்கு வரும்படி அழைத்த காலத்தில் சிலர் முன்வரத் தயங்கினார்கள். அவர்களுள் ஆவணமில்லாத வெளிநாட்டவரும் இருந்தனர். மருத்துவமனை வாசலில் பிடித்துக்கொள்வார்களோ என்று அஞ்சியவரிடம் நோயின் அபாயத்தை எடுத்துச் சொல்லி என்ன பயன்? நோய்க்கு அஞ்சுவதைவிட அதிகமாக அவர் வேறொன்றுக்கு அஞ்சுகிறார். மனிதன் ஏன் மறைக்கிறான் என்பதற்கு இது முதற்பாடம்.

பிறகு ஜும்ஆ தொழுகையே நிறுத்திவைக்கப்பட்டது. நம்மில் பலருக்கு அது நெஞ்சைப் பிளந்த செய்தி. ஆயினும் உலமாக்கள் ஆதாரம் காட்டினார்கள். பச்சைப் பூண்டு தின்றவர், வாடையால் பிறருக்குத் தொந்தரவு நேராதபடி பள்ளிவாசலைவிட்டு விலகியிருக்க வேண்டும் என்பது ஹதீஸ். கடும் மழை நாளில் வீட்டிலேயே தொழுதுகொள்ளும்படி பாங்கில் அறிவிப்பதும் ஹதீஸில் வந்திருப்பதே. வாய் நாற்றத்துக்கே விலகியிருக்க வேண்டுமென்றால், உயிரைப் பறிக்கும் நோய்க்கு விலகியிருக்க வேண்டியதைச் சொல்லவும் வேண்டுமா? அல்லாஹ்வின் வீட்டுக்கே இந்தச் சட்டம் என்றால், கோஸ் கட்டும் கொட்டகைக்கும் நம் சாப்பாட்டுக் கடைக்கும் வேறு சட்டம் இருக்க முடியாது.

அதே ஆண்டு நவம்பர் மாதத்தில், கிள்ளான் மேருவிலுள்ள டாப் குளோவ் கையுறைத் தொழிற்சாலைகளில் பெருந்தொற்று ஏற்பட்டது. நோய் கண்ட தொழிலாளிகள் 5,000-க்கும் மேற்பட்டனர். அந்நிறுவனத்தின் 28 ஆலைகளைப் படிப்படியாக மூடும்படி அரசாங்கம் உத்தரவிட நேர்ந்தது. உலகத்தாரின் கைகளைக் காக்க உறை செய்தவர்களுக்கே இந்த நிலைமை. சிங்கப்பூரிலும், தங்கும் விடுதிகளில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரை 2020 முடிவதற்குள் அந்நோய் தொட்டுவிட்டது. அவர்களில் எத்தனையோ பேர் நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள்.

இவற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. வேலை செய்யும் இடத்தில் மட்டும் நோய் பரவுவதில்லை. வேலைக்குப் போகும் வண்டியிலும், சேர்ந்து சாப்பிடும் மேசையிலும், நெருக்கமாகப் படுக்கும் அறையிலும் அது அதிகமாகப் பரவுகிறது. காரணம் எளிது. இந்தக் கிருமி மூச்சோடு வெளியே வருகிறது. பேசும்போதும், இருமும்போதும், பாடும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக வந்து, அடைத்த அறையின் காற்றில் நெடுநேரம் மிதக்கிறது. திறந்த வெளியில் காற்று அதைக் கலைத்துவிடுகிறது. இன்னொரு சங்கதியும் உண்டு. காய்ச்சல் வெளியே தெரிவதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே அவர் பிறருக்கு நோயைக் கொடுக்கக்கூடும். ஆகவே நோய் தெரிந்தவரை விலக்குவது மட்டும் போதாது. தெரியாதவரும் இருப்பார் என்றெண்ணி இடத்தையே காற்றோட்டமாக வைத்திருக்க வேண்டும்.

இதை நம் கியா பார்முக்குப் பொருத்திப் பாருங்கள். தேயிலைச் சரிவில் கொழுந்து வெட்டுகிறவர்கள் திறந்த மலைக்காற்றில் நிற்கிறார்கள். அங்கே அபாயம் குறைவு. ஆனால் மழைக்காக நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டிய லோரியில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து வருகிறார்களே, அங்கே அபாயம் அதிகம். காய்கறி கட்டும் கொட்டகையிலும், குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு எட்டுப் பேர் படுக்கும் அறையிலும் அதைவிட அதிகம். கீழ்நாட்டில் உஷ்ணம் தாளாமல் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். நாமோ குளிருக்காக அடைத்து வைக்கிறோம். மலைக்காற்று நல்ல காற்று என்று பெருமை பேசுகிறோம். அதை வீட்டுக்குள் விடுவதுதான் இல்லை.

தோட்டங்களையும் சுரங்கங்களையும் எண்ணி 1990-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் எல்லாத் துறைகளுக்கும் விரிவாயிற்று. பொதுக்கூடமாக அமைந்த விடுதியில் ஒருவருக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் இடமாவது இருக்க வேண்டும் என்பது அதன் கீழ் வந்த விதி. மூன்று சதுர மீட்டர் என்பது ஒரு மனிதன் படுத்து, பெட்டியையும் வைத்துக்கொள்ளும் இடம். அவ்வளவையும் சட்டம் போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்பதை யோசிக்க வேண்டும்.

இது புதிய கதையுமன்று. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்களைப் பினாங்குக் கரையில் இறக்குமுன், புலாவ் ஜெரஜாக் தீவில் நோய்த் தடைமுகாமில் வைத்திருந்தார்கள். 1918-ஆம் ஆண்டு ஃப்ளூ காய்ச்சல் மலாயாவைத் தாக்கியபோது, தோட்டத்து லயங்களில் நெருக்கமாக வாழ்ந்த இந்தியத் தொழிலாளிகள் ஏராளமாக மடிந்தார்கள். அன்று லயத்தில் இருந்தவர்கள் நம்மவர்கள். இன்று அந்த இடத்தில் வங்காளதேசத்தாரும், நேப்பாளத்தாரும், இந்தோனேசியரும், மியன்மார்க்காரரும் இருக்கிறார்கள். ஆள் மாறியிருக்கிறார்களே தவிர, நெருக்கம் மாறவில்லை.

நேரே செய்தவரும் காரணமானவரும்

இனி இரண்டாவது பதிலுக்கு வருவோம். மறைத்தவரே பாவி என்பது அந்தப் பதில். இதில் உண்மை இருக்கிறது. கூட வேலை செய்கிறவர் நம்மை நம்பிப் பக்கத்தில் நிற்கிறார். அவருடைய உடல்நலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். பழுது இருப்பதைச் சொல்லாமல் சரக்கை விற்பது மோசடி என்றால், நோய் இருப்பதைச் சொல்லாமல் பக்கத்தில் உட்காருவதும் மோசடியே. நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. தொற்றுநோய் தமக்கிருப்பதை அறிந்தும், பலர் கூடும் இடத்தில் இருந்து பிறரை அபாயத்துக்கு உள்ளாக்குவது, 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி விலக்கப்பட்டிருக்கிறது.

மதரஸாவில் ஓதியவர்கள் ஒரு சட்டவிதியையும் எடுத்துக்காட்டுவார்கள். ஒரு தீங்கை நேரே செய்தவரும், அதற்குக் காரணமாக இருந்தவரும் ஒருங்கே இருந்தால், பொறுப்பு நேரே செய்தவரையே சாரும். ஒருவர் வழியில் குழி வெட்டினார், இன்னொருவர் வந்து மூன்றாமவரை அதில் தள்ளிவிட்டார் என்றால், பிடிபட வேண்டியவர் தள்ளியவரே, வெட்டியவர் அல்லர். இந்த விதிப்படி பார்த்தால், முதலாளி தப்பிவிடுகிறார். காய்ச்சலோடு வந்த தொழிலாளி அகப்படுகிறார்.

ஆனால் அதே ஃபிக்ஹு கிதாபுகள், நேரே செய்தவர் நிர்ப்பந்தத்துக்கு உட்பட்டிருந்தால் பொறுப்பு நிர்ப்பந்தித்தவரை நோக்கித் திரும்பும் என்றும் கூறுகின்றன. அப்படியானால் நாம் விசாரிக்க வேண்டியது, காய்ச்சலோடு வந்தவருக்கு நிர்ப்பந்தம் இருந்ததா என்பதே.

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். ஒரு நாள் கூலி போவது கழுத்தில் வைத்த கத்தி ஆகாது. கையில் நாலு காசு உள்ளவர், இன்னும் நாலு காசுக்காக நோயை மறைத்து வந்தால், அவருக்கு நிர்ப்பந்தம் என்று சொல்ல முடியாது. அவர் பாவம் அவரையே சேரும். ஆனால் ஐந்து நாள், ஏழு நாள் படுத்தால் ஊரிலுள்ள பிள்ளைகளுக்குப் பணம் போகாது. வேலைக்கு வந்த கடன் வட்டியோடு ஏறும். திரும்பி வந்தால் இடத்தில் வேறு ஆள் நிற்பார் என்ற நிலையிலுள்ளவரை அந்தத் தராசில் நிறுக்க முடியாது. அவருக்குக் கத்தி இல்லை, பசி இருக்கிறது.

நாம் முதலாளிகள் என்ன செய்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு நாளும் தவறாமல் வந்தவருக்கு மட்டும் மாதக் கடைசியில் கைக்காசு கொடுப்பது பல இடங்களில் வழக்கம். உழைப்பைப் பாராட்டும் நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம்தான். ஆனால் அதன் பலன் என்ன? ஒரு நாள் காய்ச்சலுக்காக மாத முழுவதன் கைக்காசும் போய்விடும் என்று தெரிந்தவர், மாத்திரை விழுங்கிக் காய்ச்சலை அமுக்கிக்கொண்டு வருகிறார். "எம்.சி. கொண்டு வந்தால்தான் சம்பளம்" என்பதும் அப்படியே. கியா பார்மிலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய் வரச் செலவு வேண்டும். வெளிநாட்டவருக்குச் சிகிச்சைக் கட்டணமும் அதிகம். அந்தக் காகிதத்துக்காக ஒரு நாள் கூலிக்குக் கிட்டச் செலவழிப்பதைவிட, வேலைக்கு வந்துவிடுவதே லாபம் என்று அவர் கணக்குப் போடுகிறார். குழியை நாமே வெட்டி, விளிம்பில் சறுக்குமண்ணையும் கொட்டிவிட்டு, விழுந்தவர்மேல் குற்றம் சொல்வது தகுமா?

ஒட்டகத்தைப் பற்றிய ஹதீஸை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். நோயுள்ளதைக் கொண்டுவராதே என்ற கட்டளை யாருக்கு வந்தது? ஒட்டகத்தின் சொந்தக்காரருக்கு. எதைத் துறைக்கு ஓட்டுவது, எதை நிறுத்துவது என்ற அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவரிடமே கட்டளை பேசியது. தொழிலாளியை ஒட்டகத்தோடு ஒப்பிடுகிறோம் என்று யாரும் கோபிக்க வேண்டாம். தொழிலாளிக்குப் புத்தி உண்டு. ஆகவே அவருக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் லோரி எத்தனை மணிக்குக் கிளம்பும், எத்தனை பேரை ஏற்றும், படுத்தவருக்குக் கூலி உண்டா இல்லையா என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் அவர் அல்லர். அதிகாரம் இருக்குமிடத்தில் கேள்வியும் இருக்கும்.

அப்படியானால் மூன்றாவது பதிலே சரி, பாவம் முழுதும் முதலாளியுடையதே என்று முடித்துவிடலாமா? அதுவும் கூடாது. நம் அபிப்பிராயம் இதுவே: வியாபாரத்தில் இருவர் கூட்டுச் சேர்ந்தால், நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் அதிகம் ஏற்றால் மற்றவருக்குக் குறையும். பாவக் கணக்கு அப்படிப்பட்டதன்று. தீய வழக்கம் ஒன்றைத் தொடங்கி வைத்தவருக்கு, அதன்படி நடந்தவர்களின் பாவமும் சேரும். ஆனால் அதனால் நடந்தவர்களின் பாவத்தில் ஏதும் குறையாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே, "முதலாளி சரியில்லை" என்று தொழிலாளி தப்பிக்க முடியாது. "அவன் சொல்லவில்லையே" என்று முதலாளியும் தப்பிக்க முடியாது. வேண்டுமென்று மறைப்பவர் தம் கணக்கில் முழுப் பாவம் எழுதிக்கொள்கிறார். மறைக்காமல் வாழ முடியாதபடி செய்பவரும் தம் கணக்கில் முழுப் பாவம் எழுதிக்கொள்கிறார். இரண்டு ஏடுகள், இரண்டிலும் தனித்தனிப் பற்று.

முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, ஸர்குவின் பாடம், அது இங்கேதான் வருகிறது. நோய் வந்த ஊரைவிட்டு வெளியேறாதே என்று உள்ளிருப்பவருக்குச் சொன்ன மார்க்கம், அவரைப் பட்டினி போடச் சொல்லவில்லை. வெளியே வராதே என்று ஒருவரிடம் கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், அவருடைய வாசலில் சோற்றைக் கொண்டுபோய் வைக்கும் கடமையும் நமக்கு உண்டு. கடமையைச் செய்யாதவர் உரிமையைக் கேட்கக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

பேச்சு போதும், செய்ய வேண்டியதைச் சொல்வோம்.

ஒன்று: சட்டம் கொடுத்ததைக் கொடுப்போம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்கு வருஷத்துக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்கு உட்பட்டவருக்கு 18 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாளும் சம்பளத்தோடு நோய்விடுப்பு உண்டு. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள் உண்டு. இது நாம் போடும் தர்மமன்று, அவருடைய ஹக்கு. தொழிலாளியின் கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஹக்கைப் பிடித்துவைத்துக்கொண்டு சதகா கொடுப்பதில் பரக்கத் இராது.

இரண்டு: தவறாமல் வந்தவருக்கான கைக்காசைக் கணக்கிடும்போது, நோய்க்காக நின்ற நாளைத் தவறிய நாளாக எண்ண வேண்டாம். இதற்குச் செலவு மிகச் சிறிது.

மூன்று: காலையில் ஆள் கணக்கெடுக்கும்போதே, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். கேட்பவர் குரலிலேயே பதில் இருக்கிறது. அதட்டிக் கேட்டால் எல்லோரும் நலமாகத்தான் இருப்பார்கள்.

நான்கு: லோரியின் தார்ப்பாயைப் பின்பக்கமாவது உயர்த்திக் கட்டுவோம். கொட்டகையின் எதிர் எதிர்க் கதவுகளைத் திறந்து வைப்போம். படுக்கும் அறையின் ஜன்னலை ஒரு சாணாவது திறந்துவிட்டு, குளிருக்கு இன்னொரு கம்பளி கொடுப்போம். கம்பளியின் விலை ஓர் ஆளின் ஒரு வாரக் கூலியைவிடக் குறைவு.

ஐந்து: சமையல்காரருக்கோ பரிமாறுகிறவருக்கோ இருமல் கண்டால், அன்று அவரை அடுப்படியிலும் மேசைப் பக்கத்திலும் விட வேண்டாம். லேசான சளியோடு வேலை பார்க்க வேண்டியவர் முகக்கவரி அணியட்டும். அணிபவரைக் கேலி செய்வதை நிறுத்துவோம். அது தம்மைக் காப்பதைவிடப் பிறரைக் காப்பதற்கு அணிவது.

ஆறு: நோய் கண்டவருக்குத் தனி அறை ஒதுக்க முடிந்தால் ஒதுக்குவோம். முடியாத சிறு முதலாளிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓர் அறையைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

"இப்படியெல்லாம் சலுகை கொடுத்தால், நோயில்லாதவனும் நோய் என்று படுத்துக்கொள்வானே" என்று கேட்கும் குரல் நம் காதில் விழுகிறது. சிலர் அப்படிச் செய்வார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் தக்காளிக் கூடை வாங்கும்போது நாலு பழம் அழுகும் என்று கணக்கில் சேர்த்துத்தானே வாங்குகிறோம்? அழுகிய ஒன்றைக் கூடையில் விட்டால் சுற்றியிருப்பதும் போய்விடும் என்பதும் நமக்குத் தெரியும். பொய் சொல்லி ஒருவர் படுத்தால் போவது ஒரு நாள் கூலி. உண்மையை மறைத்து ஒருவர் வந்தால், அடுத்த வாரம் பத்துப் பேர் படுக்கிறார்கள். எந்த நஷ்டம் பெரிது என்று கணக்குப் போட நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இன்னொரு நியாயமான முறையீடும் உண்டு. பெரிய கம்பெனிக்கு இது சிறு செலவு. கடையில் இரண்டே ஆள் வைத்திருப்பவருக்கு ஒருவர் படுத்தால் பாதிக் கடை படுத்துவிடுகிறது. அவரும் ஏழைதான், வாடகை கட்ட வேண்டியவர்தான். இதை நாம் ஒப்புக்கொள்கிறோம். இதனால்தான் இந்தச் சுமையைத் தனி மனிதர் தலையில் மட்டும் வைக்கக் கூடாது என்கிறோம். ஜனாஸா தொழுகையைப் போல, ஊரில் சிலர் நிறைவேற்றினால் எல்லோர் கடமையும் நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளியாகும் காரியங்களை பர்ளு கிபாயா என்கிறோம். நோயாளி வீட்டில் இருக்க வழி செய்வதும் அத்தகையதே என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனையைச் சமர்ப்பிக்கிறோம். நோய்க்கால நிதி என்று தனியாக ஒன்று வைக்கலாம். கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் மாதந்தோறும் தம்மால் இயன்ற சிறு தொகையைப் போடட்டும். தொற்றக்கூடிய காய்ச்சல் கண்டு, சட்டப்படி கிடைக்க வேண்டிய சம்பளம் எக்காரணத்தாலோ கிடைக்காத தொழிலாளிக்கு, ஐந்து நாளைக்கு அரிசியும் பருப்பும், கையில் கொஞ்சம் பணமும் அதிலிருந்து போகட்டும். ஆளைக் கூட்டத்தில் நிறுத்திக் கொடுக்க வேண்டாம். அறை வாசலில் வைத்துவிட்டு வந்தால் போதும். முஸ்லிமா, இந்துவா, எந்த நாட்டவர், கையில் என்ன காகிதம் என்று கேட்க வேண்டாம். கிருமி அதைக் கேட்டு வருவதில்லை. அண்டை வீட்டாரின் உரிமையும் அதைக் கேட்டு வருவதில்லை. இதற்கு ஜகாத் பணத்தைத் தொட வேண்டியதில்லை, சதகாவே போதும்.

தொழிலாளித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கஷ்டத்தை மேலே எழுதினோம். ஆனால் உண்மையைச் சொன்னால் கூலி பிடிக்காத முதலாளியிடம் வேலை செய்துகொண்டே நோயை மறைத்தால், சாக்குச் சொல்ல இடமில்லை. அன்று உங்கள் ஏட்டில் மட்டும் பற்று விழும். தடுப்பூசி போட்டுக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். லயத்திலுள்ள முதியவர்களை எண்ணியாவது போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அது வரும்போது அரசாங்கம் ஆணை போடும். காவல்துறை சாலையை மறிக்கும். அவையெல்லாம் அவர்கள் வேலை. ஆனால் காலை ஐந்து மணிக்கு, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இன்று போவதா, நிற்பதா?" என்று ஒரு தொழிலாளி யோசிக்கும் நேரத்தில், அங்கே அரசாங்கம் இல்லை, காவல்துறையும் இல்லை. அவரும், அல்லாஹ்வும், நாம் வகுத்து வைத்திருக்கும் சம்பள வழக்கமும்தான் அங்கே இருக்கும். அந்த வழக்கம் அவரை உண்மைக்கு அழைப்பதாக இருக்கட்டும். பொய்க்கு விரட்டுவதாக இருக்க வேண்டாம்.

நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், நலமுற்றோருக்கு இரக்கத்தையும், கொடுக்கும் கைகளுக்குப் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.